ஒரு பாடல், இரு பதிவுகள்

ஒரு பாடலின் பொருளை அதன் சொற்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அது பதிவுசெய்யப்படும் முறையும் தீர்மானிக்கின்றது. ஜமெய்க்காவின் றெகே இசைக்கலைஞர் பொப் மார்லியின் ‘நோ வுமன், நோ க்றை’ என்னும் பாடல் இதற்குத் தக்க சான்றாகும்.

‘பெண்ணில்லையேல் கண்ணீரில்லை’ என இத்தலைப்பைப் பிழையாக விளங்கிக்கொள்வோர் பலர். ஜமெய்க்கப் பேச்சுமொழியில் அது ‘பெண்ணே, அழாதே’ என்னும் ஆறுதலுரையாகும். கிங்ஸ்ரன் நகரத்து ட்ரெஞ்ச் ரவுணில், அரசாங்கக் குடியிருப்பொன்றின் வளவில், விறகுத் தீயருகே சோளமாக் கஞ்சியைப் பகிர்ந்துண்ட நாட்களின் நினைவே அவ்வாறுதலுக்கு ஆதாரம். வறுமை இங்கு இரங்குதற்குரிய காட்சியாக அன்றி, மனிதரைப் பிணைத்த அனுபவமாக நினைவுகூரப்படுகின்றது.

1974இல் ‘நற்றி ட்ரெட்’ இசைத்தட்டில் வெளிவந்த முதற்பதிவை இயந்திரத் தாளமே நடத்திச் செல்கின்றது. அதன் வேகம் சற்று அதிகம். நான்கு நிமிடங்களுக்குள் பாடல் முடிந்துவிடுகின்றது. நினைவுகள் வரிசையாக வருகின்றன. ஆனால் அவை தங்கி நிற்க நேரமில்லை.

1975 யூலையில் லண்டன் லைசியம் அரங்கிற் பதிவான வடிவமோ ஏழு நிமிடங்கள் வரை நீள்கின்றது. ஓர்கன் இசை மெல்லத் தொடங்க, மார்லி பாடுமுன்னரே அவையோர் பல்லவியைப் பாடுகின்றனர். அஸ்ரன் பரட்டின் பாஸ் கிற்றாரும் அவர் சகோதரர் கார்ல்ரன் பரட்டின் முரசும் அவசரமின்றி நடக்கின்றன. ஒவ்வொரு நினைவுக்குப் பின்னரும் ஓர் இடைவெளி கிடைக்கின்றது. அவையோரின் குரலைப் புறவொலியென ஒதுக்காது பாடலின் உறுப்பாகவே பேணியமை இப்பதிவைத் தயாரித்தோரின் கலைத் தீர்ப்பாகும்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. ட்ரெஞ்ச் ரவுணின் பசியை லண்டன் அரங்கிற் கூடியோர் பாடி மகிழ்வது, பிறர் துன்பத்தை நுகர்பொருளாக்குவதாகாதா? இவ்வையத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. இசைத்தட்டு ஒரு வணிகப் பண்டமே. எனினும் இப்பல்லவியைப் பாடுபவர் எவரும் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது; பாடும் கணத்தில் அவர் இன்னொருவருக்கு ஆறுதல் கூறுபவராகின்றார். மேலும், பாடலாசிரியராகப் பதிவுசெய்யப்பட்டவர் ட்ரெஞ்ச் ரவுணில் ஏழைகளுக்கு உணவளித்த வின்சென்ற் போர்ட் ஆவார். பண்டமாகிய பின்னரும் பாடல் தன் பிறப்பிடத்துக்கு ஆற்றவேண்டிய கடனை மறக்கவில்லை.

முதற்பதிவு குறையுடையதென்பதன்று. அது ஒருவன் ஒருத்திக்குக் கூறும் ஆறுதல். லைசியம் பதிவில் அவ்வாறுதலைப் பலர் சேர்ந்து கூறுகின்றனர். கூடிப் பகிர்ந்துண்ட வாழ்வைப் பாடும் பாடலுக்கு இக்கூட்டுக்குரலே பொருத்தமான வடிவமாகும்.