முந்திக்கொண்டு தோற்கும் சிறகு

வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானம் ஒன்று ஓரமாக நிறுத்தியிருப்பதை முதன்முறை பார்ப்பவர்கள், அது எதிலோ மோதிவிட்டது என்றே நினைப்பார்கள். முன்சக்கரம் உள்ளே மடங்கி, மூக்கு தரையில் முட்டி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கோளாறு எதுவும் இல்லை. எஞ்சின் பின்னால் இருக்கிறது; விமானி இறங்கிவிட்டால் முன்பக்கத்தில் எடை போதாமல் மொத்தமும் பின்னால் குடைசாய்ந்துவிடும். அதனால் முதலிலேயே மண்டியிட வைத்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் இல்லாமல் வந்த இதன் அண்ணன் வேரி-ஈஸியில் இதற்கு இன்னொரு லாபமும் இருந்தது. மூக்கு தரையில் ஊன்றியிருப்பதால், பின்னால் நின்று புரொப்பல்லரைக் கையால் சுற்றிக் கிளப்பும்போது விமானம் முன்னே ஓடிவிடாது. ஒரு குறையிலிருந்து இப்படி உபரி லாபம் கறப்பது இரண்டையும் வடிவமைத்த பர்ட் ரூட்டனின் கைவழக்கம்.

ரூட்டன் 1965 முதல் 1972 வரை கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் பறப்புச் சோதனைப் பொறியாளராக இருந்தவர். ஃபேன்டம் போர்விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழன்று விழுவது எப்படி, அதிலிருந்து மீள்வது எப்படி என்பதை ஆராய்வது அவர் வேலையில் ஒரு பகுதி. இறக்கையை அளவுக்கு மீறி நிமிர்த்தினால் அதன் மேற்பரப்பில் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகும், தூக்குவிசை சரியும். இதற்குத்தான் ஸ்டால் என்று பெயர். தரைக்கு அருகே, தரையிறங்கத் திரும்பும் நேரத்தில் இது நேர்ந்தால் மீள உயரம் இருக்காது. சிறு விமானக்காரர்களின் பழைய எமன் அது.

ரூட்டன் கண்ட வழி, மூக்கருகே ஒரு சிறிய சிறகு. கேனார்டு என்பார்கள். முன்னால் சிறகு வைப்பது புதிதல்ல, ரைட் சகோதரர்களின் 1903 விமானத்திலேயே இருந்தது. ஆனால் அந்த விமானம் ஒரு நிலையில் நில்லாமல் ஓயாமல் துள்ளியது. ரூட்டன் முன்சிறகுக்கு வேறு உத்தியோகம் கொடுத்தார். பின்னால் உள்ள பெரிய இறக்கை தன் எல்லையைத் தொடுவதற்குள் முன்சிறகு தன் எல்லையைத் தொட்டுவிட வேண்டும். அது கைவிட்டதும் மூக்கு தானாகத் தாழும், வேகம் கூடும், காற்று மறுபடி ஒட்டும், மூக்கு எழும். கட்டுப்பாட்டுத் தடியை முழுக்கப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தால் விமானம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே மெல்ல இறங்கும். பெரிய இறக்கைக்குச் சேதி எட்டுவதே இல்லை. பெரியது பிழைக்கச் சிறியது முந்திக்கொண்டு தோற்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கிளர்ச்சி வரும். எச்சரிக்கை மணி இல்லை, மின்சுற்று இல்லை, வடிவமே காவல்.

1972இல் பறந்த, ரூட்டனின் முந்தைய விமானமான வேரி-விக்கன் பெரும்பாலும் மரம். அதற்கான மாதிரியை ரூட்டன் காரின் கூரைமேல் பொருத்தி, சாலையில் ஓட்டி, காற்றுச் சுரங்கத்தின் வேலையை வாங்கிக்கொண்டார். 1975இன் வேரி-ஈஸியில்தான் கைவினை முழுசாக மாறியது. அச்சு கிடையாது. நம் ஊரில் தெர்மோகோல் என்கிறோமே, அந்த இனத்துப் பலகைதான் இறக்கையின் உடம்பு. இரண்டு முனையிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் தகடுகளை அடித்து, சூடேறிய கம்பியை அவற்றின்மேல் வைத்து இழுக்க வேண்டும். ஆளுக்கொரு முனை. தகட்டில் எண்கள் குறித்திருக்கும். ஒருவர் எண்ணைச் சொல்லச் சொல்ல மற்றவரும் அதே எண்ணைக் கடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் இறக்கையில் பள்ளம் விழும். பிறகு ஃபைபர் கிளாஸ் துணி, எபாக்ஸி. பிசின் குறைந்தால் பலம் போச்சு, கூடினால் எடை ஏறிச்சு. அதற்கப்புறம் உப்புத்தாள் தேய்ப்பு. வீட்டில் விமானம் கட்டியவர்களிடம் அந்தப் படலத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கடைசியில் அடிக்கும் வர்ணம் வெள்ளை. வெயிலில் சூடேறினால் பிசின் இளகும் என்பதால் வரைபடத்தோடு வந்த விதி அது. வானில் அந்தக் குடும்பம் முழுக்க வெள்ளையாகத் தெரிவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இனிப் பறக்கவிட்டுப் பார்த்த கதை. என் ரசனை தங்குவது இங்கேதான், ஏனென்றால் முன்சிறகு கொடுத்த ஒவ்வொரு வரத்துக்கும் பறப்புச் சோதனை ஒரு விலைச்சீட்டைக் கொண்டுவந்து நீட்டியது. பெரிய இறக்கை எல்லைவரை போகாது என்றால், அதன் முழுத் தூக்குவிசையும் ஒருபோதும் கைக்கு வராது. எனவே தரையிறங்கும் வேகம் அதிகம், நீண்ட ஓடுபாதை தேவை. சாதாரணச் சிறு விமானத்தில் புரொப்பல்லர் வீசும் காற்று வால்மேல் அடிப்பதால் குறைந்த வேகத்திலேயே மூக்கை உயர்த்தித் தாழ்த்தும் எலிவேட்டர் பிடி கொடுக்கும். இங்கே புரொப்பல்லர் கடைக்கோடியில். முன்சிறகில் உள்ள எலிவேட்டருக்கு ஓட்டத்தால் கிடைக்கும் காற்றுதான். முதல் பறப்புக்கு முன் ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கிறவருக்கு, மூக்கு அசையாமலேயே வெகுதூரம் போய், பிறகு சட்டென்று எழுவது வயிற்றைக் கலக்கும்.

வேரி-ஈஸியில் முதலில் பக்கவாட்டுச் சாய்வையும் முன்சிறகின் பரப்புகளே பார்த்துக்கொண்டன. போதவில்லை; சாய்க்கும் பரப்புகளான அய்லரான்கள் பின்னால் பெரிய இறக்கைக்குப் போயின. நுனிகளில் நிமிர்ந்து நிற்கும் விங்லெட்டுகள் நாசாவின் ரிச்சர்ட் விட்காம்ப் ஆராய்ச்சி தந்தவை. அவற்றில் உள்ள, மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர்கள் வெளிப்புறம் மட்டுமே திறக்கும். ஒரு பெடலை மிதித்தால் திரும்பும். இரண்டையும் மிதித்தால் காற்றில் பிரேக். எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இது.

மழை வந்தது. முன்சிறகுக்குத் தேர்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழக வடிவம் வறண்ட காற்றில் அபாரம். ஆனால் அதன் திறமை முழுவதும் மேற்பரப்பில் காற்று கலையாமல் வழுக்கி ஓடுவதில் இருந்தது. துளிகள் படிந்ததும் ஓட்டம் கலைந்தது, தூக்குவிசை குறைந்தது, மூக்கு தாழ்ந்தது. விமானி தடியைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. காற்றியக்க வல்லுநர் ஜான் ராங்ஸ் கணினியில் வடித்த புது வடிவம் பின்னாளில் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. முன்சிறகின் நீளமும் குறைந்தது.

எல்லாவற்றிலும் நுட்பமானது எடைமையம். அது முன்னே போனால் மேலெழும் வேகமும் தரையிறங்கும் வேகமும் கூடும், தொல்லை அவ்வளவே. பின்னே போனால் காவல் ஏற்பாடே கவிழும்: முன்சிறகு தோற்பதற்குள் பெரிய இறக்கை தோற்கலாம். அப்போது மூக்கு தாழ மறுத்து, விமானம் தட்டையாகவே கீழே இறங்கும். இதை டீப் ஸ்டால் என்பார்கள். இதே பாணியில் வந்த வெலாசிட்டி விமானத்தில் இப்படி நடந்ததுண்டு. ஆகவேதான் எடைமையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் தடியை இழுத்துப் பார்க்கிறார்கள். விமானி மூக்கருகே உட்காருவதால் அவர் உடல் எடையே கணக்கில் பெரும்புள்ளி. ஒல்லியானவர் மூக்கில் ஈயம் கட்டிக்கொண்டு பறப்பார்.

வீட்டில் கட்டுகிறவர்கள் சும்மா இருப்பவர்கள் அல்ல. வரைபடத்தைத் திருத்தாமல் கை அரிப்பு அடங்காது. பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் மான்டெரி விரிகுடாவில் விழுந்து இறந்த லாங்-ஈஸி, வேறொருவர் கட்டியது. எரிபொருள் மாற்றும் கைப்பிடி வரைபடத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் தேடித் திரும்பியதில் கட்டுப்பாடு தவறியிருக்க வேண்டும் என்றது விசாரணை. வடிவமைத்தவரும் திருத்தாமல் இருந்தவர் இல்லை, ஆனால் திருத்தியதைப் பறந்து பார்த்து, சரியில்லை என்றால் கழற்றிப் போட்டார். 1979இல் லாங்-ஈஸியின் மூல விமானத்தில் மூக்குமேல் காண்டாமிருகக் கொம்பு மாதிரி ஒரு ரடர் வைத்துப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை, ரடர் மறுபடி விங்லெட்டுக்கே போனது.

அழகில் வேரி-ஈஸிதான் என் கட்சி. குறுகிய உடம்பு, வீண் கோடு ஒன்றுகூட இல்லாத வடிவம். பக்கத்தில் லாங்-ஈஸி கொஞ்சம் பருமனாகத்தான் தெரிகிறது. ஆனால் மழைமேகத்துக்கு அடியில் ஏறி உட்காரச் சொன்னால், ராங்ஸ் முன்சிறகு மாட்டிய லாங்-ஈஸியில்தான் உட்காருவேன், அதுவும் எடைமையக் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு.