சீட்டுக்கட்டுக்குள் ஓர் ஊர்: எப்படி ரசிப்பது?

“வாம்மா மீனாட்சி, அண்ணன் பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடுத்துக் குடு.” கூண்டுக் கதவு திறக்கும். கிளி தத்தித் தத்தி வந்து, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக அலகால் இழுத்துத் தள்ளி, ஒன்றை மட்டும் ஜோசியரிடம் கொடுக்கும். கூலியாக ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். கோயில் வாசலில் நின்று இதைப் பார்த்தவர்களில் பலர் கிளியைத்தான் பார்த்திருப்பார்கள். சீட்டைப் பார்த்தவர் குறைவு.

கிளியை அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில், கடலூர் மக்களவை வேட்பாளர் தங்கர் பச்சானுக்குத் தென்னம்பாக்கத்தில் ஜோசியம் சொன்னவரின் கிளிகளை வனத்துறை கைப்பற்றியது. பறவை பறந்து போவதுதான் நியாயம். ஆனால் அந்தச் சீட்டுக்கட்டும் கூடவே போய்விடக் கூடாது.

அதை ரசிக்க, நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போகிற கண் போதும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள்கூட, கண் எழுதியதும் தனித்தனி ஆளாகிவிடும். கொலுப் படியில் யார் மேலே, யார் கீழே என்று பார்ப்பதுபோல, சீட்டுகளை முதலில் மொத்தமாகப் பரப்பிப் பார்க்க வேண்டும். நட்சத்திரக் கணக்கில் 27 சீட்டு என்பது வழக்கம். ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பக்கத்தில் முருகன் இருப்பார். சில கட்டுகளில் வேளாங்கண்ணி மாதாவும் இருப்பார். கேட்க வருகிறவர் எந்தச் சாமி கும்பிடுகிறவரானாலும் அவருக்கு அதில் ஓர் இடம் உண்டு. பிறகு ஓரங்களைப் பார்க்கலாம். அலகு பட்டுப் பிசிறிய மூலையும், கைபட்டுக் கறுத்த விளிம்பும் அச்சகம் தந்தவை அல்ல.

படச் சீட்டுக்கு முன்பே விருத்தாசலம் பக்கத்தில் ஏடு இருந்தது. அதற்குத் தென்மேற்கே பெண்ணாடத்தில் பிள்ளையில்லாத அச்சுத களப்பாளருக்காக, அவருடைய குரு தேவாரச் சுவடியில் கயிறு சாத்தி, அது விழுந்த ஏட்டைப் பார்த்தார். திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. களப்பாளர் அங்கே போய் நீராடி வழிபட்டுப் பெற்ற பிள்ளைதான் பின்னாளில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்பது சைவ மரபு. கண்ணை மூடி ஒன்றை எடுப்பதும், வந்ததை வாழ்க்கையோடு சேர்த்துப் படிப்பதும் பெண்ணாடத்து ஏட்டிலும் உண்டு, கிளிச் சீட்டிலும் உண்டு.

கடல் தாண்டியும் இப்படிச் சீட்டுகள் உண்டு. கரீபியன் வம்சாவளிக் கலைஞர்கள் இன்று தங்கள் நாட்டார் கதைகளிலிருந்து ஆரூடச் சீட்டுகள் செய்கிறார்கள். அவற்றையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். டிரினிடாட்டின் ‘சூக்கூயா’ தோலைக் கழற்றி வைத்துவிட்டு, இரவில் நெருப்புப் பந்தாகப் பறந்து இரத்தம் குடிக்கும் கிழவி. நம் ஊர்க் கொள்ளிவாய்ப் பிசாசுக்குத் தூரத்து உறவு என்று தோன்றும். வாசலில் அரிசியைக் கொட்டி வைத்தால், ஒவ்வொரு மணியாக எண்ணி முடிக்காமல் அவளால் நகர முடியாது, எண்ணுவதற்குள் விடிந்துவிடும். சீட்டில் நெருப்பு மட்டும் இருந்தால் அது வெறும் பயம். அரிசியும் இருந்தால்தான் தப்பிக்கும் வழி தெரியும். நல்ல ஓவியர் அரிசியை மறக்கமாட்டார்.

அந்தத் தீவுகளில் நம்மவர்களும் உண்டு. 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் ‘ஒரேலி’ என்ற கப்பல் இந்தியக் கூலிகளை ஏற்றிச் சென்றது. அதைத் தொடர்ந்து புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். மாரியம்மன் அங்கே ‘மாலியேமின்’ ஆனாள். மதுரை வீரன் ‘மால்தேவிலின்’ ஆனான். நாகூர் மீரான் ‘நாகூமிலா’ என்ற பெயரில், கடல் கடத்திவிட்ட தெய்வமாக இந்துக்கள் கும்பிடும் சாமியானார். இந்த மூவரும் இல்லாத கரீபியன் கட்டு ஏதோ ஒரு குறையோடுதான் இருக்கும்.

நம் ஊருக்குத் திரும்பி, விருத்தாசலம் பக்கத்துக்கென்று ஒரு கட்டு செய்தால் எதில் தொடங்கலாம்? அதை ஒட்டிய மணவாளநல்லூரில் தொடங்கலாம். அங்கே கொளஞ்சியப்பரிடம் மக்கள் குறையைத் தாளில் எழுதி ‘பிராது’ கட்டுகிறார்கள். சாமி சன்னதியில் வைத்து எடுத்த சீட்டைப் பொட்டலமாக மடித்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிடுவார்கள். கோயிலிலிருந்து அவரவர் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்து அதற்கும் காசு கட்டுவது வழக்கம். சாமி வீடுவரை வந்து விசாரிக்க வேண்டுமே! குறை தீர்ந்தால் பிராதை வாபஸ் வாங்க மறுபடி வருவார்கள்.

இந்தச் சீட்டை வரைகிறவருக்கு ஒரு சோதனை உண்டு. கொளஞ்சியப்பர் முருகன்தான், ஆனால் கருவறையில் மயிலோடு நிற்கும் முருகன் சிலை கிடையாது, பலிபீட வடிவில் இருக்கிறார். கண் எழுத முகமில்லாத அந்தச் சாமிக்குக் கல்லும், விபூதியும், மடித்த தாள்கள் தொங்கும் முனியப்பர் சன்னதியும்தான் படம்.