முதலையின் வாக்குமூலம்

ரட்யார்ட் கிப்ளிங் என்றதும் நம் வாசகர்களுக்கு மௌக்ளியும் ஷேர்கானும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், 1895-இல் வெளிவந்த அவருடைய 'இரண்டாவது ஜங்கிள் புக்'கில் மௌக்ளி தலைகாட்டாத கதை ஒன்றும் உண்டு. 'அண்டர்டேக்கர்ஸ்' என்று பெயர். பிணங்களை அடக்கம் செய்யும் தொழிலாளிகள் என்று பொருள். மனிதரைத் தின்னும் முதலையைப் பற்றி நான் படித்த கதைகளில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். ஆயினும் இதன் முடிவு எனக்கு உடன்பாடாக இல்லை.

வட இந்திய நதி ஒன்றின் கரை. அருகே புதிய ரயில் பாலம். அங்கே ஒரு நாரையும், ஒரு நரியும், ஒரு கிழட்டு முதலையும் பேசிக்கொண்டிருக்கின்றன. முதலை அந்தத் துறைக்கே அதிபதி. ஊராருக்கு அது கொலைகாரன். அதே சமயம் தெய்வமுங்கூட. பாலம் வந்த பிறகு ஜனங்கள் ஆற்றில் இறங்கிக் கடப்பதில்லை. அவர்களுக்குத் தன்மேல் இருந்த அன்பு போய்விட்டதாக முதலை மனம் புழுங்குகிறது! கொன்று தின்பவன் தன்னை ஊருக்குப் பெரியவனாக நினைத்துக்கொள்வதை இவ்வளவு நயமாகச் சொன்னவர்கள் குறைவு.

முதலையின் நீளம் 24 அடி என்கிறார் ஆசிரியர். இது சற்று அதிகம். நன்னீரில் வாழும் 'மக்கர்' இனத்தில் 15 அடியே பெரிய அளவு. அதைவிடப் பெரிய உவர்நீர் இனத்தில், 2011-இல் பிலிப்பைன்ஸில் பிடிபட்ட 'லோலோங்' கூட 6.17 மீட்டர்தான், அதாவது, சுமார் 20 அடி. ஆனால் கதையின் பயங்கரம் நீளத்தில் இல்லை. மனிதர்கள் தினந்தோறும் ஒரே துறையில், ஒரே வேளையில் இறங்குகிறார்கள், முதலை காத்திருக்கிறது. உண்மையான அபாயமும் இதுவே. இதைக் கிப்ளிங் நன்றாக அறிந்திருக்கிறார்.

1857-ஆம் வருஷத்துக் கலகத்தின்போது ஆற்றில் பிணங்கள் மிதந்து வந்ததை முதலை நினைவுகூர்கிறது. படகில் தப்பிச் சென்ற ஒரு வெள்ளைக்காரக் குழந்தை தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்ததாம். முதலை கவ்வியது, பிஞ்சுக் கைகள் பல்லிடுக்கில் நழுவிவிட்டன. அந்தக் குழந்தைதான் வளர்ந்து, பாலம் கட்டிய எஞ்சினீயராகி, கடைசியில் துப்பாக்கியோடு வந்து முதலையைச் சுட்டுச் சிதறடிக்கிறான்.

கட்டுக்கோப்பான முடிவுதான். ஆனால் சுடுவதற்குமுன் அந்த எஞ்சினீயர் போகிற போக்கில் ஒன்று சொல்கிறான்: பாலம் கட்டும்போது நல்ல கூலிகளில் பதினைந்து பேரை இது கொண்டுபோய்விட்டது என்று. அவ்வளவுதான். கை தப்பிய ஒரு குழந்தைக்குக் கதை முழுவதும் காத்திருந்து பழி தீர்கிறது. உயிரே போன பதினைந்து பேருக்குக் கிடைத்தது ஓர் எண்ணிக்கை. முதலையாவது தான் தின்றவர்களை 'என் ஜனங்கள்' என்கிறது. எஞ்சினீயருக்கு அவர்கள் வேலைக்கு உதவிய கைகள் மட்டுமே. இந்த வேறுபாட்டை ஆசிரியர் வேண்டுமென்றே காட்டினாரென்றால் அவர் மேதை. ஆனால் கதையின் கடைசிப் பக்கத்தில் அவருடைய மனம் துப்பாக்கிக்காரன் பக்கமே நிற்கிறது.

அந்தப் பதினைந்து பேரின் வாரிசுகள் இன்றும் உண்டு. ஒடிசாவின் பீதர்கணிகாவில் 1975-இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அழிந்துகொண்டிருந்த இனம் பெருகியது, நல்ல காரியந்தான். ஆனால் அங்கே ஓடைக்கரைக் கிராமத்துப் பெண்கள் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் இறங்கும் இடங்களுக்கு இப்போது வேலி தேவைப்படுகிறது. பாலமும் துப்பாக்கியும் தீர்க்காத விஷயம் இது.

கிப்ளிங்கின் கதையைத் தேடிப் படியுங்கள். முதலையின் பேச்சுக்காகவே படிக்கலாம். படித்து முடித்ததும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பதினைந்து பேரில் ஒருவனுடைய மனைவி, மறுநாள் காலை எந்தத் துறையில் தண்ணீர் எடுத்திருப்பாள்? அதை எழுதுவதற்கு அந்த ஊரிலேயே பிறந்த ஒருவன் வேண்டும்.