சிங்கத்தின் கர்ஜனையும் ஒரு பழைய விளக்கமும்

சிங்கமும் புலியும் கர்ஜிக்கின்றன. வீட்டுப் பூனையால் அது முடிவதில்லை. ஏன்? பொது அறிவு நூல்கள் பலவற்றில் ஒரே விடையைத்தான் காண்பீர்கள். பூனையின் நாவடி எலும்புத் தொகுதி முழுவதும் எலும்பாகிவிடுகிறது. சிங்கத்தில் அதன் ஒரு பகுதி மீள்தன்மையுள்ள தசைநாராகவே நின்றுவிடுகிறது. அந்த நெகிழ்ச்சியே கர்ஜனைக்குக் காரணம் என்பார்கள். படிக்க எளிதுதான். ஆனால் இது விளக்கமாகுமா?

சிங்கத்தின் இந்த அமைப்பை ஆங்கில உடற்கூற்று அறிஞர் ரிச்சர்ட் ஓவன் 1834 இல் விவரித்தார். 1916 இல் போக்காக் என்பவர் இதைக் கொண்டே பூனைக் குடும்பத்தைப் பிரித்தார். இனம் பிரிக்க இது நல்ல அடையாளம், ஐயமில்லை. ஆனால் அடையாளம் எப்படியோ காரணமாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது! பனிச்சிறுத்தையைப் பாருங்கள். அதன் நாவடி எலும்பும் முழுமையாக எலும்பாவதில்லை. ஆயினும் அது கர்ஜிப்பதில்லை.

தொண்டையில் விரலை வைத்து 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அதிர்வது குரல்வளை. நாவடி எலும்பு அதற்கு மேலே, நாவின் வேரில் இருக்கிறது. அதைக் கர்ஜனைக்குக் காரணமாகக் காட்டுவது, வீணையின் குடத்தைக் காட்டி இதுவே தந்தி என்பது போன்றது. குடத்துக்கும் வேலை உண்டு: நெகிழ்ந்த தசைநாரால் குரல்வளை கீழே இறங்க முடிகிறது, ஒலிப்பாதை நீண்டு ஒலிக்குக் கனம் கூடுகிறது.

தந்தி எங்கே? குரல்வளைக்குள் இருக்கும் குரல் மடிப்புகளில். சிங்கம், புலி முதலியவற்றின் மடிப்புகளில் தடித்த திசுத் திண்டு இருப்பதையும், பனிச்சிறுத்தையில் அது இல்லாததையும் ஹாஸ்ட் 1989 இல் எழுதினார். 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் தெளிவானது. பெரும்பாலான விலங்குகளில் இம்மடிப்புகள் முக்கோணமாகக் காற்றுப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சிங்கத்திலும் புலியிலும் உள்ளே கொழுப்பு படிந்திருப்பதால் அவை தட்டையாக, சதுரமாக அமைந்துள்ளன. இந்த வடிவத்தால் நுரையீரல் குறைந்த அழுத்தத்தில் காற்றைத் தள்ளினாலும் அவை அதிரத் தொடங்குகின்றன. ஒரு மீட்டர் தொலைவில் 114 டெசிபல் வரை ஒலி எழுவது இவ்வாறுதான்.

மடிப்புகள் கனமாக இருப்பதால்தான் குரல் தாழ்ந்து ஒலிக்கிறது என்ற கருத்தையும் இந்த ஆய்வு மறுக்கிறது. திசுவை இழுத்து, அதன் விறைப்பை அளந்து, அதிலிருந்தே 10 முதல் 430 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கணக்கிட்டார்கள். ஒரு குறையையும் சொல்லவேண்டும்: அளக்கப்பட்டவை இறந்த விலங்குகளின் குரல்வளைகள். அங்கே இழுத்தது ஆய்வுக் கருவி. உயிருள்ள சிங்கத்தில் அந்த வேலையைத் தசைகள் செய்கின்றன.