நிறம் தந்தவர் யார்?

கவிதையையும் ஓவியத்தையும் நுணுகி ஆராயும் நாம், வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி நிறுத்தி ஆழ்விண்ணைப் படமெடுப்போரின் ஆக்கங்களை மட்டும் 'ஆகா, அழகு' என்னும் ஒரே சொல்லோடு கடந்துவிடுகிறோம். அவையும் மனிதக் கை ஆக்கியவையே. ஆதலின் அவையும் திறனாய்வுக்கு உரியவையே.

2023ஆம் ஆண்டு கிரீனிச் அரச வானாய்வகத்தின் வானியல் ஒளிப்படப் போட்டியில் முதன்மைப் பரிசு பெற்ற ஆந்திரொமேடாப் படத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சாந்தி என்னும் மூன்று ஆர்வலர்களின் ஆக்கம் அது. பயன்பட்ட தொலைநோக்கியின் வாய் 106 மில்லிமீட்டர். ஏறத்தாழ நம் வீட்டுக் காப்பி டபராவின் அகலம். அதைக் கொண்டு பல இரவுகளில் 100 மணி நேரத்துக்கும் மேலாக ஒளியைச் சேர்த்தார்கள். சேர்ந்த ஒளியில், விண்மீன் மண்டலத்தின் அருகே, அதுவரை எவரும் கண்டிராத மாபெரும் ஒளிவில் ஒன்று புலப்பட்டது.

வியப்பு எங்கே என்றால், அது மறைவான மூலை அன்று. 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் என்னும் ஆர்வலர் இங்கிலாந்தில் தம் சொந்த நோக்ககத்திலிருந்து ஆந்திரொமேடாவின் சுருள் வடிவைப் படமாக்கிய நாள் முதல், உலகம் மிகுதியாகப் படமெடுத்த வான்பகுதிகளுள் ஒன்று அது. வில்லின் ஒளியோ மிக மங்கலானது. ஆக்சிஜன் அயனிகள் உமிழும் 500.7 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் குறுகிய வடிப்பானை இட்டு, இரவு இரவாகக் காத்திருந்தவர்க்கே அது அகப்பட்டது.

அழகுக்கு முழுமை, இசைவு, ஒளிர்வு என மூன்று இயல்புகளைப் புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். இப்படத்தில் முழுமை உண்டு. மண்டலத்தின் கருவையும் கரங்களையும் சிதைக்காமல் சுற்றுவெளிக்கும் இடம் தந்திருக்கிறார்கள். இசைவும் உண்டு; வில் ஒருபுறம் நின்று சாய்ந்த வட்டுக்கு எடை கொடுக்கிறது. ஒளிர்வில்தான் நமக்கு ஒரு கேள்வி.

வில் நீலமாகத் தோன்றுகிறது. அந்த அலைநீளத்தைக் கண் காணக் கூடுமாயின் பச்சை கலந்த நீலமாகவே காணும்; அதன் மங்கலிலோ கண்ணுக்கு நிறமே எட்டாது. அப்படியாயின் இந்த நீலத்தைத் தந்தவர் யார்? கலைஞரே. அது குற்றமா? நம் ஆலயச் சுரூபங்களில் அன்னையின் மேலாடைக்கு நீலம் பூசுகிறோம். நாசரேத்தில் அவர் என்ன நிறம் உடுத்தினார் என்று சுரூபம் செய்தவர் அறியார்; அறிந்ததாகச் சொல்லவும் இல்லை. நீலம் மரபு என்பதை மக்கள் அறிவர். ஒளிப்படத்தின் நிலை வேறு. அது 'நான் கண்டேன்' என்று சான்று பகர்கிறது. சான்று என்று வந்துவிட்டால் எட்டாம் கட்டளையும் உடன் வந்துவிடுகிறது.

நிறத்தைவிடத் தொலைவு இன்னும் நுட்பமானது. ஆந்திரொமேடா 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. வில்லோ, பின்வந்த ஆய்வின்படி, நமது பால்வெளிக்குள்ளேயே இருக்கிறது. ஒரே தாளில் இரண்டும் அண்டை வீட்டாரைப்போல் நிற்கின்றன. படத்தில் பொய் இல்லை; ஆயினும் பார்ப்பவர் தாமாகவே ஒரு பொய்யை வாசித்துவிடக் கூடும். மூவரும் தம் கண்டுபிடிப்பை ஆய்வாளரோடு சேர்ந்து 2023இலேயே அறிவியல் குறிப்பாக வெளியிட்டார்கள் என்பதால், அவர்களுடைய சான்று நமக்கு ஏற்புடையதே. குறிப்பு ஏதுமின்றி ஊதாவும் பொன்னும் வாரி இறைத்து நாட்காட்டிகளில் வரும் படங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை.

வீட்டு நோக்ககம் நம் மண்ணுக்குப் புதிதன்று. கும்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் இல்லத்தில் தொடங்கியதே பின்னர் 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகமாகி, 1899இல் கோடைக்கானலுக்குச் சென்றது. சென்னையில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றை அடையாளம் கண்டார். அவர் பணிக்கு வண்ணம் தேவைப்படவில்லை. ஒளியின் ஏற்ற இறக்கத்தை வழுவாமல் குறித்தலே போதுமாயிருந்தது. அந்த நேர்மையையே இன்றைய வண்ணப்படக் கலைஞரிடமும் நாம் எதிர்பார்க்கிறோம்.

நம் பல்லடத்தில் இக்கலை இயலுமா? திருப்பூர்ப் பக்கத்து வான்விளிம்பு நள்ளிரவிலும் வெளுத்தே கிடக்கிறது. இதற்காக மனம் தளர வேண்டுவதில்லை. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் புதுப்பித்த வத்திக்கான் வானாய்வகமே உரோமை நகர வெளிச்சத்துக்கு அஞ்சி 1930களில் காஸ்தல் கந்தோல்ஃபோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் வெளிச்சம் பெருகவே, 1993இல் அமெரிக்க அரிசோனா மலையொன்றில் தொலைநோக்கி நிறுவியது. குறுகிய வடிப்பான் தெருவிளக்கின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், பல்லடத்து மொட்டைமாடிக்கும் வழி உண்டு. இடையூறு செய்வது பருவம்தான். ஆந்திரொமேடா முன்னிரவில் வடவானில் உச்சம் ஏறும் கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடிக்கொள்கிறது. மார்கழியில் வானம் தெளியும்போது, அது மேற்கே சாய்வதற்குள் இரவுக்குச் சில மணி நேரமே கிடைக்கும். 100 மணி நேரம் சேர்க்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம்.

அவ்வாறு எடுத்த படமொன்றை நம் இதழுக்கு எவரேனும் அனுப்பினால் மகிழ்வோடு வரவேற்போம். படத்தின் கீழே எத்தனை மணி நேரம், எந்த வடிப்பான், எந்த நிறம் தாம் இட்டது, எது எவ்வளவு தொலைவில் உள்ளது என நான்கு வரி எழுதி அனுப்புக.