இரத்தப் படலம்: சித்திரக்கதையும் வீடியோ கேமும்

இரத்தப் படலம், சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் தமிழில் பதிப்பித்த பெல்ஜிய சித்திரக்கதைத் தொடர். மூலத்தின் தலைப்பு 13 என்னும் ரோம எண். ஷான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்து 1984-ல் தொடங்கிய இக்கதை 2003-ல் யுபிசாஃப்ட் நிறுவனத்தால் வீடியோ கேமாக ஆக்கப்பட்டது. ஒரே கதையைப் படிப்பதற்கும் விளையாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய இது தக்க சான்று.

கதைக்கரு

கடற்கரையில் காயத்துடன் ஒதுங்கும் ஒருவனுக்குத் தன் பெயரும் நினைவில்லை. கழுத்தெலும்பருகே 13 என்ற எண் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்றவன் அவனே என்று உலகம் சொல்கிறது. 1980-ல் வெளியான ராபர்ட் லட்லமின் 'தி போர்ன் ஐடென்டிட்டி' நாவலின் தாக்கம் இதில் வெளிப்படை.

தமிழில்

மு. சௌந்தரபாண்டியன் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸும், அவர் மகன் எஸ். விஜயன் 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸும் ஐரோப்பியச் சித்திரக்கதைகளைத் தமிழ் வாசகருக்குப் பழக்கின. இரத்தப் படலத்தின் முதல் 18 பாகங்கள் 2010-ல் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வந்தன. அதுவரை பாகம் பாகமாகக் காத்திருந்து படித்தவர்களுக்கு, நாயகன் தன் அடையாளத்தைத் தேடியதும் தாங்கள் அடுத்த பாகத்தைத் தேடியதும் ஒன்றாகவே இருந்தன.

படித்தலும் ஆடுதலும்

மூலக்கதையில் நாயகனைக் காப்பாற்றுவோர் ஒரு முதிய தம்பதியர். அவனைத் தேடி வரும் கொலையாளிகள் அவர்களைக் கொன்றுவிடுகின்றனர். அந்தக் கொலையாளிகளைத் தன் கைகள் தயக்கமின்றிக் கொல்வதைக் கண்டு நாயகன் திகைக்கிறான். 'இவ்வளவு எளிதாகக் கொல்லத் தெரிந்த நான் யார்?' என்ற அச்சமே தொடரின் உயிர். வாசகர் அந்தக் கட்டத்தில் நின்று அவன் முகத்தைப் பார்க்கலாம், முந்தைய பக்கத்துக்குத் திரும்பலாம்.

தொடரின் முதல் 5 பாகங்களைத் தழுவிய கேமில் தம்பதியருக்குப் பதில் ஒரு கடற்கரைக் காவல் பெண் வருகிறாள். ஆடுபவர் நாயகனின் கண்வழியே பார்க்கிறார். திரையில் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய கைகளே தெரிகின்றன. முகம் மாற்றப்பட்ட ஒருவனின் கதையில் முகமே பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. சுடுவதே ஆட்டத்தின் முதன்மைச் செயல் என்பதால், கொல்லத் தெரிவது அச்சமாக இல்லாமல் திறமையாகிவிடுகிறது. காவலர்களையும் அப்பாவிகளையும் கொன்றால் ஆட்டம் தோல்வியில் முடியும் என்ற விதி மட்டுமே அந்தத் தயக்கத்தின் எச்சம்.

ஆனால் கேமை வெறும் நகல் என்று ஒதுக்கிவிட முடியாது. சித்திரக்கதையின் இலக்கணத்தை அது ஆட்டத்தின் விதியாக மாற்றியது. எதிரியின் தலையில் குறி பட்டால் திரையின் மேல் மூன்று சிறு கட்டங்கள் அடுத்தடுத்துத் தோன்றும். சுவருக்கு அப்பால் நடப்பவரின் காலடி ஓசை எழுத்துகளாக நகரும். அதைப் படித்தே அவர் இருக்குமிடத்தை ஆடுபவர் அறிகிறார். காகிதத்தில் 'டுமீல்' என்பது ஒலியின் படம். கேமிலோ ஓசையெழுத்து ஒரு துப்பு. 2020-ல் வந்த மறு ஆக்கம் இந்த ஓவியத் தன்மையைக் குறைத்துக்கொண்டது. அது பரவலான கண்டனத்துக்கு உள்ளானதில் வியப்பில்லை.

மூலமும் குறையற்றதல்ல. முதல் சதி அவிழ்ந்த பின்னும் நாயகனுக்குப் புதிய பெயர்களும் புதிய கடந்தகாலங்களும் சேர்க்கப்பட்டுக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்துக்குமேல் 'யார் இவன்' என்ற கேள்வி கூர்மை இழந்து, தொடரை நீட்டிக்கும் உத்தியாகிவிடுகிறது. முதல் 5 பாகங்களோடு நின்ற கேம் அந்தத் தளர்ச்சியிலிருந்து தப்பியது.

ஆர்வலர் விமர்சனம்

தமிழில் காமிக்ஸ் குறித்த மதிப்பீடுகளில் பெரும்பகுதி கல்வித்துறையிலிருந்து வரவில்லை. சேகரிப்பாளர்களும் ரசிகர்களும் உருவாக்கியவை. தனிமனித ஆர்வத்தின் ஆற்றலுக்குப் புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் உருவாக்கிய ஞானாலயா நூலகம் சான்று. பழந்தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளையும் இதழ்களையும் அது ஆய்வாளர்களுக்குக் காத்துத் தந்தது. காமிக்ஸ் ஆர்வலர்களும் பழைய இதழ்களைக் காத்துவருகின்றனர். ஆனால் சேகரிப்பது வேறு, மதிப்பிடுவது வேறு. 'அந்தக் காலத்துக் காமிக்ஸ் போல வருமா' என்ற ஏக்கமும், 'கேம் விளையாடினால் வாசிப்பு கெடும்' என்ற கவலையும் விமர்சனம் ஆகா. ஒரு கட்டம் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது. ஓர் ஆட்டம் ஆடுபவரை என்ன செய்யவைக்கிறது என்று கேட்பதே விமர்சனம்.

மதிப்பீடு

நாயகனின் ஐயத்தை வாசகருடையதாக ஆக்குவதில் சித்திரக்கதை வென்றது. அவனது வேகத்தை ஆடுபவருடையதாக ஆக்குவதில் கேம் வென்றது. தமிழ் வாசகருக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு: சித்திரக்கதை அவர்களிடம் தமிழ் பேசியது, கேம் பேசவில்லை. தமிழில் எழுதப்பட்ட ஓசைகளைத் துப்பாகக் கொண்டு எதிரியைத் தேடும் ஓர் ஆட்டம் உருவானால், ஐம்பதாண்டுகால காமிக்ஸ் வாசிப்பு அதற்கு வலுவான அடித்தளமாக அமையும்.