தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’

நிகழ்ச்சிகளை நிரல்பட அடுக்கிச் செல்வது பழைய கதைமுறை. ஒரு கணத்தைப் பற்றிநின்று, அதனுள் ஒரு வாழ்வு முழுவதையும் காட்டுவது புதுமைச் சிறுகதையின் முறை. செக்காவும் புதுமைப்பித்தனும் கையாண்ட இம்முறை ஊவாவின் தேயிலை மலைகளிலும் வேரூன்றியது என்பதற்குத் தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ தக்க சான்றாகும்.

ஜோசப் 1934ஆம் ஆண்டு பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். தோட்டப் பள்ளி ஆசிரியரின் மைந்தர். தெளிவத்தைத் தோட்டத்திற் பணியாற்றியவர், அதன் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலும், ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியும் அவருக்குப் புகழ் தந்தன. பின்னதன் பெயர் பாரதியாரின் விடுதலைப் பாடலை நினைவூட்டுவது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் கதைகளுக்கு அப்பெயர் சூட்டியதிலேயே ஆசிரியரின் அங்கதம் புலனாகின்றது.

‘மீன்கள்’ கதையின் களம் லயத்துக் காம்பரா ஒன்று. லயக் காம்பரா என்பது பொதுவாக 10 அடிக்கு 12 அடி. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் அதனுள்ளேயே. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் அருகருகே படுக்கின்றனர். இரவின் இருளில் தந்தை, மனைவியெனக் கருதி மகளைத் தீண்டிவிடுகின்றான். உண்மை புலப்பட்ட கணமே அவன் உள்ளம் குன்றிப்போகின்றது.

இத்தகைய பொருளைக் கதையாக்குதல் தகுமோ என வினவுவோர் உளர். வினா நியாயமானதே, ஆயினும் விடை கதையிலேயே உளது. ஆசிரியரின் நோக்கம் கிளர்ச்சியூட்டுவதன்று. அத்தந்தை ஒழுக்கங் கெட்டவனாயின் நாணியிருக்கமாட்டான். காம்பராவில் இல்லாத சுவர் அவன் உள்ளத்தில் இருக்கின்றது. குற்றம் மனிதனுடையதன்று, மனிதரை அவ்வாறு அடைத்துவைத்த அமைப்பினுடையது. இதனை மேடைப்பேச்சாக உரைத்திருப்பின் கேட்டு மறந்திருப்போம். ஒருவனது நாணத்தின் வழியாகக் காட்டியதனால் மறக்கவியலவில்லை.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தேயிலை மலையின் உழைப்பைக் காட்டிற்று. உழைத்தவர் அந்தியில் திரும்பிவரும் இடத்தை ஜோசப் காட்டினார். இரண்டையும் ஒருசேரக் கற்போர்க்கே மலையக வாழ்வு முழுமையாகப் புலப்படும்.

2013ஆம் ஆண்டு விஷ்ணுபுரம் விருது பெற்ற ஜோசப், 2022இல் மறைந்தார். லயங்கள் இன்னும் முற்றாக மறையவில்லை. ஆதலின் ‘மீன்கள்’ பழங்கதையன்று. படிப்போர் மனச்சான்றை நோக்கி எழுப்பப்பெற்ற வினாவாகும்.